அத்தை வீட்டு ஹாலில் கெண்டை மீன்

அத்தையிடம் ஒரு விசில் உண்டு. பி.டி. டீச்சர் என்றால் விசில் இருக்கத்தான் செய்யும். ஆனால் எங்கள் அத்தை அதைப் பள்ளிக்கூட மேஜையில் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. பொழிச்சலூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவள் இருந்தாள். காலையில் என்னை எழுப்ப ஒரு விசில், அப்பா குளியலறையில் தூங்கிவிட்டால் இரண்டு விசில். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது எங்கள் தெருவில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அது போகட்டும் என்று காத்திருப்பார்கள். அத்தை காத்திருக்க மாட்டாள். அவள் விசில் விமானத்தைத் தாண்டிக் கேட்கும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவரைப் படிக்க வைத்ததும், வேலைக்கு மனு போட வைத்ததும், எங்கள் அம்மாவைப் பார்த்துக் கல்யாணம் பேசி முடித்ததும் அவள்தான். தன் கல்யாணத்தை மட்டும் விட்டுவிட்டாள். சபையில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "டைம் கெடைக்கலம்மா" என்பாள், ஏதோ ரேஷன் கடைக்குப் போக முடியாமல் போனதுபோல.

அவளுக்கு ஆசை என்று ஒன்று இருந்தது. சொந்தமாக ஒரு வீடு. பெரிய வீடெல்லாம் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஒரு ஹால், ஹாலில் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஷெல்ஃப், அந்த ஷெல்ஃபில் அவளுடைய கப்புகள். சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்புகள் அவை. எங்கள் வீட்டில் இடம் இல்லாததால் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. மழைக்காலம் வந்தால் எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி சாக்கில் போட்டுவிடுவாள். சமையலறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அம்மா கேட்டபோது, "எங்கயாவது வந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டாள்.

மனையைக் கண்டுபிடித்தவர் அப்பா. அக்கா தனக்குச் செய்ததற்கெல்லாம் இந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று அவருக்கு. நல்ல மே மாதத்தில் மனை விற்கிறவர்களின் வேன் ஒன்று வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனைத் தாண்டி, எங்கெங்கோ திரும்பி, ஒரு பெரிய அலங்கார வளைவின் முன்னால் இறக்கிவிட்டார்கள். ஷாமியானா, கலர் கலராகக் கொடி, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், அந்த வெயிலிலும் டை கட்டிய ஒருவர். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு தகர போர்டு. அதில் மாடி வீடு ஒன்றும், இரண்டு பக்கமும் தென்னை மரங்களும், "உங்கள் கனவு இல்லம்" என்ற எழுத்தும்.

தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வெடிப்புக்குள் என் கையை முழங்கை வரை விட முடிந்தது. அப்பா குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குக்கா, எத்தன மாடி வேணா தாங்கும்" என்றார். நான் அந்த வெடிப்புகளுக்கு இடையில் நத்தை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாவாடையை மடித்து அதில் நிறைய நிறையச் சேர்த்தேன். தண்ணீரே இல்லாத பொட்டல் காட்டில் இத்தனை நத்தைகள் எப்படி வந்து செத்தன என்று பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. பிரியாணி நன்றாகவே இருந்தது.

பத்திரப்பதிவு முடிந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கும் அந்தப் பக்கம் போக நேரமில்லை. புது வருடம் பிறந்ததும் பாஸ்டரைக் கூட்டிப்போய் ஜெபம் பண்ணி அடிக்கல் நாட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் இடத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று கிறிஸ்துமஸ் லீவில் ஒருநாள் கிளம்பினோம். அப்பாவிடம் மண்வெட்டி. மூலைக்கல்லுக்கு அடிக்க ஒரு வாளிச் சுண்ணாம்பு. அம்மா ஒரு தூக்கில் புளிசாதமும், கூடவே ஒரு துடைப்பமும் எடுத்து வந்தாள். மனையைப் பெருக்க வேண்டும் அல்லவா. அத்தை டிராக் பேன்ட், கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில்.

ஆட்டோக்காரர் வளைவுக்கு முன்னால் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

"எங்க சார் எறக்கணும்?"

அப்பா கையைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது.

"அங்கியா? அதுக்கு நீங்க ஆட்டோ இல்ல, போட்டுதான் சார் புடிச்சிருக்கணும்" என்றார் ஆட்டோக்காரர்.

வளைவு மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரும் சேறும் கோரையும். வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். கன்னங்கரேலென்று ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு, மே மாதத்தில் ஷாமியானா போட்டிருந்த இடத்தின் வழியாக நீந்திப் போனது. தகர போர்டு கழன்று குப்புற விழுந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகத்தில் எந்த அத்தைக்கும் இப்படி ஒரு மனை இருக்காது என்று தோன்றியது.

முழங்கால் தண்ணீரில் ஒருவர் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அப்பா கரையில் நின்றபடி அவரிடம், "இது எங்க மனைங்க" என்றார். அவரைத் துரத்துவதற்காகச் சொன்னாரா, இல்லை அவராவது அப்படியில்லை என்று சொல்லட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை.

"அப்டியா சார்? சோக்கான எடம். உங்க மனைல கெண்ட நல்லா கீது" என்றார் வலைக்காரர், மனதார.

அம்மா துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அத்தை அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்து விசில் ஊதினாள்.

"வந்தது வந்தாச்சு. கல்லப் பாத்துட்டுத்தான் போறோம். எல்லாரும் லைன்ல நில்லுங்க!"

அத்தை வருடாவருடம் சாரணர் முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவள். சேறு அவளுக்குப் புதிதல்ல. வேலியோரம் கிடந்த சவுக்குக் கம்புகளை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். கம்பு முதலில் போகும், கால் அப்புறம் போகும் என்றாள். கோரை முளைத்திருக்கிற இடமாகப் பார்த்து மிதிக்க வேண்டும், வேர் தாங்கிக்கொள்ளும். புல்பூண்டு இல்லாமல் பளபளவென்று அழகாக இருக்கிற இடத்தை நம்பவே கூடாது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. அப்படிப் போனால் ஒருவர் மாட்டினால் எல்லோரும் மாட்டுவார்கள். மாட்டிக்கொண்டால் இழுத்துக் கலவரம் பண்ணக் கூடாது, விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இதெல்லாம் கேட்கிற நிலைமை இல்லை. அவர் கண்கள் மூலைக்கல்லைத் தேடி அலைந்துகொண்டிருந்தன. அம்மா சுண்ணாம்பு வாளிக்குக் காவலாகக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை முன்னால், நான் நடுவில், அப்பா பின்னால். என் கால் விரல்களுக்கு இடையில் சேறு பிதுங்கி வந்தது. மேலே தண்ணீர் வெயிலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது, அடியில் சேறு சில்லென்று இருந்தது. கம்பை ஊன்றினால் சில இடத்தில் அரை அடி போனது, சில இடத்தில் என் இடுப்பு வரை போய்விட்டது. அப்படிப் போகிற இடத்திலெல்லாம் அத்தை திரும்பி விசிலை ஒரு தடவை ஊதி, இந்தப் பக்கம் சுற்று என்று கையைக் காட்டுவாள். ஸ்கூலில் டிராஃபிக் பாடம் படித்ததற்கு அன்றுதான் எனக்குப் பிரயோஜனம் கிடைத்தது.

பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

"அதோ கல்லு! வெள்ளையா தெரியுதே, அதான்க்கா நம்ம கல்லு!"

கத்திக்கொண்டே வரிசையை விட்டு விலகி ஓடினார். பளபளவென்று அழகாக இருந்த இடத்தின் வழியாகத்தான். நாலு எட்டு வைத்ததும் முழங்கால், அடுத்த எட்டில் தொடை வரை உள்ளே போய்விட்டார். அதே நேரம் அந்த வெள்ளைக் கல் கழுத்தை நீட்டி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, இறக்கையை விரித்துப் பறந்து போனது.

நான் சிரித்த சிரிப்பில் என் கம்பு கையை விட்டு நழுவி விழுந்தது. அம்மா கரையில் எழுந்து நின்று, "ஏசப்பா" என்றாள். வலைக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வரத் தொடங்கினார். அப்பா செல்ஃபோனைப் பிடித்த கையை உயரத் தூக்கிக்கொண்டு, காலை உருவப் பார்த்தார். ஒரு காலை உருவினால் அடுத்த கால் ஆழமாகப் போனது.

"அசையாத! மொதல்ல மூச்சு விடு. அப்டியே பின்னால சாஞ்சு உக்காரு" என்றாள் அத்தை.

"எங்கக்கா உக்கார்றது? இது நல்ல பேன்ட்டு."

விசில் நீளமாக ஒலித்தது. அப்பா உட்கார்ந்தார். சேற்றில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்ததும், அத்தை சொன்னதுபோலவே, மேற்கொண்டு இறங்குவது நின்றுபோனது. கரையில் குப்புறக் கிடந்த தகர போர்டை அத்தையும் வலைக்காரரும் புரட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துச் சேற்றின் மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். அது வழுக்கிக்கொண்டு அப்பாவின் முதுகுக்கு அருகில் போய் நின்றது. அப்பா கையை ஊன்றி மெதுவாகத் திரும்பி, அந்த மாடி வீட்டின் மேல் நெஞ்சை வைத்துப் படுத்தார். இரண்டு பக்கமும் தென்னை மரம். அத்தை போர்டின் மறுநுனியில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அப்பா தலையைத் தூக்காமல், எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்ன மன்னிச்சிருக்கா."

"மொதல்ல குதிகால ஆட்டு" என்றாள் அத்தை. "சும்மா இழுக்காத. ஆட்டி ஆட்டி விட்டா தண்ணி உள்ள போகும், சேறு தானா விடும். ம். ஆட்டு."

"நான் பாத்துருக்கணும். நாலு பேர விசாரிச்சிருக்கணும். உன் பி.எஃப். பணம் மொத்தம்…"

"குதிகால ஆட்டுறா."

அப்பா ஆட்டினார். சேற்றுக்கு உள்ளே ஏதோ கொதிப்பதுபோலச் சத்தம் வந்தது. ஒரு கால் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மற்றதும் வந்தது, செருப்பு இல்லாமல். அவர் போர்டின் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். அத்தை அவர் தலையில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்துப் போட்டாள், வழித்துக்கொண்டே இருந்தாள். சேற்றில் மாட்டிக்கொண்டதற்குப் போய் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பெரியவர்களுக்கு மானம் அதிகம், பேன்ட் வேறு நல்ல பேன்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

மூலைக்கல்லைக் கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். கோரைக்கு நடுவில் என் கம்பு டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. அத்தை குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினாள். பாசியைத் தேய்த்து, கல்லில் வெட்டியிருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய மனை எண்தான். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. சேறு பட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதில் மீசை மாதிரி ஒரு கோடு விழுந்துவிட்டது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு போர்டின் மேல் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். திடீரென்று விசிலை எடுத்து ஊதினாள்.

"எல்லாரும் உள்ள வாங்க. இதான் கேட்டு. செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. இவன் ஏற்கெனவே விட்டுட்டான்."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை கம்பால் தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டே நடந்தாள். இது வராந்தா. இது ஹால். இங்கே ஜன்னல், கொக்கு பார்ப்பதற்கு. கோரை அடர்ந்திருக்கிற அந்த மூலை சமையலறை. போட்ட கோடெல்லாம் போடப் போட அழிந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. நான் ஹாலிலிருந்து வராந்தாவுக்கும் வராந்தாவிலிருந்து ஹாலுக்கும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடினேன். வலைக்காரர் மறுபடி வலையை விரித்தார்.

"அண்ணா, அது எங்க ஹாலு, அங்க போடாதீங்க" என்று கத்தினேன்.

"ஹாலா? தெரியாம பூட்சி பாப்பா. கிச்சன் எந்தப் பக்கம் கீது?"

"பரவால்ல, ஹால்லயே போடுங்க" என்றாள் அத்தை, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதுபோல. அவர் வீசினார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. இழுத்தபோது உள்ளே வெள்ளி வெள்ளியாகத் துடித்தது. அதில் பெரியதாக ஒரு கெண்டையை எடுத்து, கோரைத் தண்டைச் செவுளில் கோத்து அத்தையிடம் நீட்டினார்.

"மொத மீனு வூட்டுக்காரங்களுக்குத்தான் அக்கா."

அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இங்கதான் ஷெல்ஃபு" என்று கடைசியாக ஓரிடத்தில் கம்பைக் குத்தி நிறுத்தினாள். ஷெல்ஃப் என்றால் அதில் வைக்க ஏதாவது வேண்டுமே. நான் காலடியில் துழாவி ஒரு நத்தை ஓட்டை எடுத்து, கழுவி, "இந்தாங்க அத்தை, கப்பு" என்று கொடுத்தேன். அவள் அதைக் கம்பின் உச்சியில் வைக்கப் பார்த்தாள். நிற்கவில்லை. டிராக் பேன்ட் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று வீடு திரும்பும்வரை அத்தை பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் வந்தாள். கொக்கு பறந்த கதையை ஆட்டோக்காரரிடம் ஒருமுறை, எங்கள் தெருவில் ஒருமுறை, ராத்திரிச் சாப்பாட்டில் ஒருமுறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் சிரித்த பிறகுதான் அவள் சிரித்தாள். அம்மா அந்தக் கெண்டையைக் குழம்பு வைத்தாள். சேற்று வாடை அடித்தது. அத்தை மட்டும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். புது வருடத்தில் பாஸ்டர் ஜெபத்துக்கு வரவில்லை. தண்ணீர் வற்றியதும் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா எனக்குச் சொன்னாள்.

தண்ணீரும் வற்றியது. மே மாதம் ஒரு புரோக்கர், ஒரு கணவன் மனைவியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அந்த மனையை அவர்கள் பார்த்துவிட்டார்களாம், ரொம்பப் பிடித்துவிட்டதாம். தரை கல்லு மாதிரி இருக்கிறது என்று அந்தக் கணவர் சொன்னார். அவர்களோடு என் வயதில் ஒரு பெண் வந்திருந்தாள். அவள் பாவாடை மடிப்பு நிறைய நத்தை ஓடு. அவற்றை எனக்கும் காட்டினாள். அப்பா அத்தையைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அந்தப் பெண்ணைப் பார்த்தாள், ஓடுகளைப் பார்த்தாள். அம்மாவை ஆளுக்கொரு காப்பி போடச் சொன்னாள். அவர்கள் குடித்து முடித்ததும், "டிசம்பர்ல ஒரு தடவ வந்து எடத்தப் பாருங்க. பாத்துட்டு அப்பவும் வேணும்னா பேசலாம்" என்றாள்.

விலையை ஏற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து அந்தக் கணவர் கோபித்துக்கொண்டு போனார். புரோக்கர் வாசலிலேயே நின்று, "என்னா டீச்சர், கைக்கு வந்தத இப்டிப் பண்ணிட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் முன்னறைக்கு ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிக் குதித்தேன். மனை எங்களுக்கே இருக்கப்போகிறது! டிசம்பரில் மறுபடி சேற்றுக்குப் போகலாம், கம்பு பிடிக்கலாம். எனக்காகத்தான் அத்தை அதை விற்கவில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா எங்கிருந்தோ ஒரு நீளமான பலகையும் இரவல் டிரில்லிங் மெஷினும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு முன்னறையில், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுகிற சுவரில், அளவெடுத்து ஓட்டை போடத் தொடங்கினார். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தாள். கப்புகளைத் துடைத்துத் துடைத்து நான் ஒவ்வொன்றாக அத்தையிடம் கொடுத்தேன்.

"புது வீடு கட்டினதும் இதெல்லாம் அங்க எடுத்துட்டுப் போயிடுவீங்களா அத்தை?"

மெஷின் நின்றது. தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று முதல் தடவையாக அத்தை அது போகட்டும் என்று காத்திருந்தாள். போனதும், "ஆமா பின்ன" என்றாள்.

கப்புகளையெல்லாம் வைத்த பிறகு பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அத்தை தன் கைப்பையைத் திறந்து அந்த நத்தை ஓட்டை எடுத்து அங்கே வைத்தாள். இத்தனை பளபளப்புக்கு நடுவில் அது அசிங்கமாக இருக்கிறதே, டிசம்பரில் இதைவிடப் பெரியதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அத்தனை வருடம் சேர்த்து அத்தை வாங்கிய மனையிலிருந்து அவளுக்குக் கிடைத்தது, குழம்புக்கு ஒரு கெண்டையும் அந்த ஓடும்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.